படிக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? குடியாத்தம் தம்பிக்கு ஒரு பதில்

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். இரண்டு வருடமாக இணையத்தில் எழுதுகிறார். கோட்டை, கோயில், ஊர் வரலாறு, நடுநடுவே தன்னம்பிக்கைக் கட்டுரை என்று எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது. படிப்பவர்கள் நாற்பது பேரைத் தாண்டவில்லை, அதிலும் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். "எழுத்தை எப்படி நல்லா கொண்டு வர்றது, எப்படி நாலு பேர்கிட்ட சேர்க்கிறது, அண்ணா?" இதுதான் கேள்வி. அவருடைய கட்டுரைகளில் பன்னிரண்டைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

தம்பி, உங்கள் கட்டுரைகளைவிட நீங்கள் எனக்கு அனுப்பிய செய்தி நன்றாக இருந்தது. உங்கள் ஊரைப் பற்றிய கட்டுரை இப்படித் தொடங்குகிறது: "எழில்மிகு மலைகள் சூழ்ந்த குடியாத்தம் நகரம் பல்வேறு சிறப்புகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது." இதில் குடியாத்தத்தை எடுத்துவிட்டு ஆம்பூரை வைக்கலாம், ஆரணியை வைக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் எனக்கு எழுதிய செய்தியில் என்ன சொன்னீர்கள்? "எங்க தெருவுல விடியறதுக்கு முன்னாடியே தறி ஓட ஆரம்பிச்சிடும், கரண்ட் போனாதான் பக்கத்து வீட்ல பேசுறது காதுல விழும்." இந்த வரியை வேறு எந்த ஊரிலும் கொண்டு போய் வைக்க முடியாது. விசைத்தறிக்கு நடுவில் வளர்ந்தவரால்தான் இதைச் சொல்ல முடியும். கட்டுரை எழுத உட்கார்ந்ததும் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் நினைவுக்கு வந்து அந்தப் பிள்ளை ஓடிவிடுகிறது. அதைத் திரும்பக் கூட்டி வருவதுதான் உங்கள் முதல் வேலை.

அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். எழுத வேண்டிய விஷயத்தை முதலில் ஒருவருக்குச் செய்தியாக எழுதுங்கள். தங்கைக்கு, சிநேகிதனுக்கு, எனக்கு. அப்புறம் அதை எடுத்து வாக்கியங்களைச் சரி செய்து கட்டுரையாக்குங்கள். பேச்சு மொழியிலேயே விட வேண்டும் என்று சொல்லவில்லை. "விடிவதற்கு முன்பே தறி ஓடத் தொடங்கிவிடும்" என்று எழுத்து இலக்கணத்துக்கு மாற்றினாலும் அந்த வரி உயிரோடுதான் இருக்கும். ஒரு இரவு விட்டு மறுநாள் காலையில் வாய்விட்டுப் படியுங்கள். எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறதோ, எந்தச் சொல்லை உங்கள் அம்மா "அப்படின்னா?" என்று கேட்பாரோ, அங்கேதான் கை வைக்க வேண்டும்.

நான் பன்னிரண்டு வருடம் வேலூரில் ஒரு டிடிபி கடையில், அதாவது கணினியில் அச்சுக்குப் பக்கம் தயாரிக்கும் கடையில், வேலை பார்த்தவன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், கட்சி நோட்டீஸ், கவிதைப் புத்தகம் எல்லாம் என் விரல் வழியாகப் போயிருக்கின்றன. 2009 முதல் இணையத்தில் எழுதுகிறேன். அதனால் உங்கள் கட்டுரைகளில் உள்ளடக்கத்துக்கு முன்னால் வேறொன்றுதான் என் கண்ணில் பட்டது. பாதிக் கட்டுரைகளை நீங்கள் படமாகப் போடுகிறீர்கள். பூப்போட்ட பார்டர், பின்னணியில் கோட்டை, அதன் மேல் எழுத்து. பார்க்க அழகாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூகுளில் தேடுகிறவரிடம் அது கட்டுரையாகப் போய்ச் சேருவது பெரும்பாடு. கண் தெரியாதவர்கள் போனில் வைத்திருக்கும் வாசிப்புச் செயலிக்கும் அது பெரும்பாலும் வெறும் படம்தான். சின்ன எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு வெளியே போகும். கீழே மூலையில் இருக்கும் உங்கள் பெயரை எவர் வேண்டுமானாலும் ஒரு நொடியில் வெட்டிவிடலாம். எழுத்தை எழுத்தாகவே போடுங்கள். இந்த ஒரு மாற்றத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யுங்கள்.

தாத்தாவின் ஊர்க் குறிப்புகளை யாரோ பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருப்பதால்தான் படமாகப் போடுகிறேன் என்றீர்கள். அந்தக் காலத்து எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தேடுபொறிக்கும் அப்படித்தான். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையை 2010-ல் தமிழ்நாடு அரசே தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பல டிடிபி கடைகளில் பழக்க தோஷம் போகவில்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். தாத்தாவின் குறிப்பில் உங்கள் ஊர் ஏரி, கால்வாய்ப் பெயர்கள் இருக்கின்றன என்றீர்கள். அவை படத்துக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது.

ஒற்றுப்பிழைக்கு வருவோம். 'பற்றி கூறினார்', 'படிக்க சென்றார்' என்று நிறைய விடுகிறீர்கள். இரண்டிலும் ஒற்று வரும்: பற்றிக் கூறினார், படிக்கச் சென்றார். 'வாணி' என்ற கருவி எழுத்துப்பிழைக்கும் 'நாவி' என்ற கருவி சந்திப்பிழைக்கும் உதவும், இரண்டும் தமிழுக்கென்றே உருவானவை. கருவி சொல்வதை அப்படியே ஏற்காமல், ஏன் சொல்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தால் ஆறு மாதத்தில் கருவியின் தேவை பாதியாகக் குறையும். ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் மட்டும் தனியாக ஒரு முறை சரிபாருங்கள். டிடிபி கடையில் நாங்கள் கடைசிப் புரூப்பில் அதைத்தான் செய்வோம். கதையில் மூழ்கிவிட்டால் பெயர்ப்பிழை கண்ணுக்குப் படவே படாது.

எழுத்துப்பிழையைவிடப் பெரிய பிழை தகவல்பிழை. 2010-ல் வேலூர் பற்றி நான் எழுதிய ஒரு கட்டுரையை, நம் ஊரைப் பற்றிக் காலம் காலமாகச் சொல்லும் சொலவடையில் தொடங்கியிருந்தேன். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் பூ விற்கும் ஒரு அம்மாவுக்கு அவர் மகன் அதைப் படித்துக் காட்டியிருக்கிறான். அடுத்த முறை போனபோது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு, "சாமி இல்லாத கோயில்னு எழுதினியாமே, அப்ப உள்ள தினமும் யாருக்குப் பூ போவுது?" என்று கேட்டார். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் இருந்தது உண்மை. ஆனால் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-லேயே கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். ஊரில் பிறந்து வளர்ந்த நான், கோயிலுக்குள் போய் வந்த நான், கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் காதால் கேட்டதை எழுதியிருக்கிறேன். அன்று இரவே கட்டுரையைத் திருத்தி, என்ன திருத்தினேன், எந்தத் தேதியில் திருத்தினேன் என்று மேலேயே எழுதிவைத்தேன். அந்தக் குறிப்பு இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. தண்ணீர் இல்லாத ஆறும் அப்படித்தான். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டுப் போனதைப் பார்த்த பிறகும் அந்த வரியைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கட்டுரையில் ஆம்பூரும் ஆற்காடும் இன்னும் வேலூர் மாவட்டத்தில் இருக்கின்றன. 2019-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூருக்கும் ஆற்காடு ராணிப்பேட்டைக்கும் போய்விட்டன. ஆதார் முகவரிக்கோ சான்றிதழுக்கோ விவரம் தேடி வருகிறவர் உங்களை நம்பித் தவறான அலுவலகத்துக்குப் போய் நின்றால் அவருடைய ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே பழைய கட்டுரைகளை வருடத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். புதிதாக ஒன்று எழுதுவதைவிட அதனால் கிடைக்கும் மரியாதை சில சமயம் அதிகம்.

சரி, எப்படிப் பரப்புவது?

எழுதி முடித்த பிறகு செய்கிற வேலையாக இதைப் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது விஷயத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இது யாருக்கு வேண்டும், அவர் இதை யாரிடம் காட்டுவார் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது கோட்டை வரலாறோ கதையோ கிடையாது. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்காக எழுதிய கட்டுரைதான். 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய இடம் இன்று சி.எம்.சி.யாக வளர்ந்து நிற்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் நம் தென் மாவட்டங்களிலிருந்தும் தினமும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆஸ்பத்திரி ஆறேழு கிலோமீட்டர். ராத்திரி ரயிலில் நோயாளியோடு வந்து இறங்குகிறவருக்கு டவுன் பஸ் எங்கே நிற்கும், காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பக்கம் லாட்ஜில் சமைத்துக்கொள்ள இடம் உண்டா, பாத்திரம் வாடகைக்குக் கிடைக்குமா, அரை நாள் காத்திருக்கும்போது கூட வந்த குழந்தையை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாது. 2013-ல் என் பெரியம்மாவுக்குத் துணையாகப் பதினெட்டு நாள் அங்கே இருந்தேன். நான் பார்த்ததை மட்டும் வரிசையாக எழுதினேன். அலங்காரமாக ஒரு சொல் கூட இல்லை. முதல் மாதம் யாரும் சீண்டவில்லை. பிறகு ஒரு லாட்ஜ் மேனேஜர் அதைப் பிரிண்ட் எடுத்து ரிசப்ஷனில் ஒட்டினார். அங்கே தங்கிய திருநெல்வேலிக்காரர் ஒருவர் தன் ஊர் குரூப்பில் போட்டார். இத்தனை வருடமாக வாரம் தவறாமல் யாராவது அதைப் படித்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். அதைப் பரப்ப நான் ஒன்றுமே செய்யவில்லை. தேவைப்பட்டவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள்.

உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா நாற்பது வருடம் கைத்தறியில் லுங்கி நெய்தவர், இப்போது விசைத்தறிக்குக் கூலிக்குப் போகிறார் என்றீர்கள். ஒரு லுங்கியைக் கையில் வாங்கியதும் அது கைத்தறியா விசைத்தறியா என்று அவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? சாயம் போகுமா போகாதா என்பதைக் கடையிலேயே எப்படித் தெரிந்துகொள்வது? பாவு (நீளவாக்கு நூல்) ஓட்டுவதிலிருந்து மடிப்பு வரை ஒரு லுங்கிக்கு எத்தனை பேர் கை படுகிறது, ஒவ்வொரு கைக்கும் என்ன கூலி? எழுத இதைவிட என்ன வேண்டும்? உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே உங்களால் இதை எழுத முடியும். சென்னையில் இருக்கிற பெரிய எழுத்தாளரால் முடியாது. லுங்கி வாங்குகிறவர் படிப்பார், விற்கிறவர் பகிர்வார், நெசவுக் குடும்பத்திலிருந்து வெளியூர் போய்விட்ட பிள்ளைகள் கண் கலங்கிப் படிப்பார்கள். நான் படிப்பேன்.

தேதி பார்த்து எழுதுவதும் ஒரு திறமை. ஒவ்வொரு ஜூலை 10-ம் தேதியும் 1806 வேலூர்ப் புரட்சி பற்றி நீங்கள் ஒரு பதிவு போடுகிறீர்கள். அன்றைக்கு எல்லோருமே போடுவார்கள். பள்ளிக்கூட ஆசிரியருக்கும் பேச்சுப் போட்டிக்குப் போகும் மாணவிக்கும் அது பத்து நாள் முன்னால் தேவை. ஜூன் கடைசியில் போடுங்கள். சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறிக்குத் தடை, தாடியை மழிக்கச் சொன்ன உத்தரவு என்று காரணங்களை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு அன்று காலையிலேயே வந்து சேர்ந்ததால்தான் கோட்டை மறுபடி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அந்த ஆற்காடு சாலையில் ஒரு நாள் காலையில் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு, எவ்வளவு நேரம் ஆகிறது, வழியில் என்ன இருக்கிறது என்று எழுதினால் அது உங்கள் கட்டுரை. அதே மாதிரி வைகாசி ஒன்றாம் தேதி உங்கள் ஊரில் அம்மனின் தலையை (சிரசு) ஊர்வலமாக எடுத்து வரும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வெளியூரில் இருக்கிறவர்கள் லீவு போட்டு வரத் திட்டமிடுவது சித்திரையில். அப்போது எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு வந்தால் சிரசு பார்க்கலாம், வண்டியை எங்கே விடுவது, வயசானவர்களை எங்கே நிறுத்தினால் நெரிசலில் சிக்க மாட்டார்கள்.

தேடலைப் பற்றி ஒரு விஷயம். மக்கள் ஒரே பொருளைப் பல பெயரில் தேடுவார்கள். நம் பக்கம் மல்லாட்டை, வேறு பக்கம் நிலக்கடலை, இன்னொரு பக்கம் வேர்க்கடலை. மல்லாட்டை என்று தலைப்பில் தைரியமாகப் போடுங்கள், அது நம் சொல். உள்ளே முதல் பத்தியிலேயே வேர்க்கடலை என்றும் ஒரு முறை இயல்பாக வரட்டும். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் சிலர் கத்தரிக்காய் என்பார்கள், சிலர் கத்திரிக்காய் என்பார்கள். இரண்டும் ஓரிடத்தில் வந்தால் போதும், வரிக்கு வரி திணிக்க வேண்டாம். 1989-க்கு முன்னால் ஊரை விட்டுப் போனவர்கள் இன்றும் பழைய மாவட்டப் பெயரான 'வட ஆற்காடு' என்றுதான் தேடுவார்கள், அவர்களையும் மறக்காதீர்கள். தலைப்பில் ஊரும் பொருளும் இருக்கட்டும். "நெஞ்சை விட்டு நீங்கா நினைவுகள்" என்று தலைப்பு வைத்தால் உங்கள் அம்மாவால்கூட அதை மறுபடி தேடி எடுக்க முடியாது. இணைப்பு முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள். தமிழில் வைத்தால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறிகளாக நீண்டு, பார்க்கிறவர் ஏதோ வைரஸ் என்று பயந்துவிடுவார்.

வாட்ஸ்அப்பில் ஐம்பது குரூப்பில் ஒரே நாளில் இணைப்பைத் தள்ளுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இந்தியாவில் 2018 முதலே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குரூப்புக்கோ மேல் முன்னனுப்ப முடியாது. பலமுறை சுற்றி வந்ததை 2020-லிருந்து ஒவ்வொருவராகத்தான் அனுப்ப முடியும். அதை விடுங்கள், ஆஸ்பத்திரிக் கட்டுரையைக் கல்யாண குரூப்பில் போட்டால் யாருக்கு என்ன பயன்? மூன்று குரூப் போதும், ஆனால் அங்கே மற்றவர்கள் எழுதியதை நீங்களும் படித்து ஒரு வார்த்தை சொல்கிறவராக இருக்க வேண்டும். இணைப்பை மட்டும் வீசாமல், கட்டுரையின் முதல் இரண்டு பத்தியை அப்படியே போட்டு, மீதிக்கு இணைப்பு கொடுங்கள். பத்தி நன்றாக இருந்தால் வருவார்கள்.

இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது. உங்கள் கையில் நல்ல போன் இருக்கிறது. தறி, பாவு, கௌண்டின்யா ஆற்றங்கரை, சிரசு ஊர்வலம் எல்லாவற்றையும் படம் எடுத்து, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் உங்கள் பெயரோடு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்றுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் நம் பக்கத்துச் சின்ன ஊர்கள் பலவற்றுக்கு ஒரு நல்ல படம்கூட இல்லை. எடுத்துப் பயன்படுத்துகிறவர் உங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. சம்பளம் கிடையாது, ஆனால் ஊரைப் பற்றித் தேடுகிறவர் கண்ணில் உங்கள் பெயர் படும்.

உங்கள் கட்டுரையை யாரோ பெயரை நீக்கிவிட்டுத் தன் பெயரில் போட்டதாக வருத்தப்பட்டீர்கள். எனக்கும் நடந்திருக்கிறது, வயிறு எரியும். 1957 காப்புரிமைச் சட்டப்படி எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது, பதிவு செய்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. வாழ்நாள் முழுவதும், அதற்குப் பின் அறுபது வருடமும் அந்த உரிமை உண்டு. முதலில் அவருக்குத் தனியாக, மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள், பலர் அதிலேயே திருத்திவிடுவார்கள். திருத்தாவிட்டால் அந்தத் தளத்திலேயே காப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கும், உங்கள் மூல இணைப்பையும் தேதியையும் கொடுத்துப் புகார் செய்யுங்கள். எழுத்தாகப் போட்டிருந்தால் வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டுவது சுலபம் என்பதற்காகவும் படத்தை விடச் சொல்கிறேன்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழுக்கும் உண்டு, ஆனால் உங்கள் அளவு வாசகர்களுக்கு அது டீச் செலவுக்கும் வராது, இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள். கட்டுரைகளைத் தொகுத்து அமேசான் கிண்டிலில் மின்னூலாகப் போடும் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர்களுடைய 'கே.டி.பி. செலக்ட்' திட்டத்தில் சேர்த்தால் தொண்ணூறு நாளுக்கு அந்த மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, உங்கள் சொந்தப் பக்கத்தில்கூட. சேர்க்காமலும் வெளியிடலாம். தாத்தாவின் குறிப்புகளை விலைக்கு வைக்காமல் இலவச மின்னூலாக விட்டால் நல்லது என்பது என் எண்ணம். முடிவு உங்கள் குடும்பத்துடையது.

இப்போது வாரம் மூன்று கட்டுரை எழுதுகிறேன் என்றீர்கள். மாதம் இரண்டு போதும். மிச்ச நேரத்தில் நெசவாளர்களிடம் போய் உட்காருங்கள், மாவட்ட நூலகத்தில் பழைய கெசட்டியரை (மாவட்டத்தைப் பற்றிய அரசு விவர நூல்) புரட்டுங்கள், புத்தகத் திருவிழா வந்தால் எழுதுகிற நாலு பேரைப் பாருங்கள். லுங்கிக் கட்டுரையை முதலில் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் "இது தப்பு" என்று சொல்லும் இடங்களையெல்லாம் குறித்துத் திருத்திவிட்டு எனக்கு அனுப்புங்கள். படமாக வேண்டாம், எழுத்தாகவே.